எந்த நாளின் கப்பல்?

உண்மையில் கடலில் ஓடிய ஒரு போர்க்கப்பலை, அதன் நீளம், அகலம், உயரம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைத்து, மேசைமேல் வைக்கத்தக்க உருவில் மீண்டும் கட்டுவதே அளவு மாதிரிப் போர்க்கப்பல் கலையாகும். 1/700 என்னும் அளவில் கட்டப்படும் மாதிரியில், கப்பலில் 7 மீட்டராக இருந்த ஒரு பகுதி 1 சென்டிமீட்டராகச் சுருங்கும். 263 மீட்டர் நீளமுடைய ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோ 37.6 சென்டிமீட்டரில் அடங்கும். அதன் மேல்தளத்தில் நின்ற மாலுமி ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பான். இந்தக் கணக்கு எளிது. ஆனால் போர்க்கப்பல் எதுவும் கட்டி முடித்த நாளில் இருந்தபடியே கடைசிவரை இருப்பதில்லை. சில பீரங்கிகள் கழற்றப்பட்டுப் புதியவை பொருத்தப்படும், ரேடார் ஏறும், வண்ணம் மாறும், அடிபட்ட பகுதி வேறு வடிவில் செப்பனிடப்படும். ஆதலால் மாதிரி கட்டுகிறவர், எந்தக் கப்பலைக் கட்டுவது என்று முடிவுசெய்த மறுகணமே, அது எந்த நாளின் கப்பல் என்ற கேள்விக்கும் விடை கண்டாக வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கும் இடத்தில் பொழுதுபோக்கு வரலாற்று ஆய்வாக மாறிவிடுகிறது.

இந்தக் கலைக்கு நீண்ட மரபு உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கடற்படை வாரியத்தின் பெயரால் அறியப்படும் மாதிரிகள் பெரும்பாலும் 1/48 அளவில் செய்யப்பட்டன. கப்பலின் கீழ்ப்பகுதியில் பலகை வேயாமல், உள்ளிருக்கும் வளைசட்டங்கள் வெளியே தெரியுமாறு அவை விடப்பட்டிருக்கும். நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்டு இங்கிலாந்துச் சிறைகளில் அடைபட்டுக் கிடந்த பிரெஞ்சுக் கைதிகள், சமையலறையில் மிஞ்சிய எலும்புகளைச் செதுக்கிப் பாய்மரப் போர்க்கப்பல்களின் மாதிரிகளைச் செய்து விற்றார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, தொலைவில் தெரியும் கப்பல் நண்பனுடையதா பகைவனுடையதா என்று பார்த்தவுடன் அடையாளம் காண விமானிகளையும் காவல் மாலுமிகளையும் பழக்குவதற்காக, 1/1200 போன்ற மிகச் சிறிய அளவுகளில் மாதிரிகள் செய்யப்பட்டன. கடலில் மிதக்கும் கப்பலின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாது என்பதால் இவற்றில் நீர்மட்டக் கோட்டுக்கு மேலுள்ள பகுதி மட்டுமே இருந்தது. அடிப்பகுதியை நீக்கிவிடும் இந்த முறை, போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானில் ஒரு பெரிய தொழிலுக்கே அடித்தளமாயிற்று.

ஷிஸுவோகாவின் நான்கு நிறுவனங்கள்

டோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் இடையில் உள்ள ஷிஸுவோகா நகரம், ஜப்பானில் தயாராகும் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளில் மிகப் பெரும்பகுதியைத் தரும் ஊர். இந்தச் சிறப்பு தற்செயலாக வந்ததன்று. ஷோகன் பதவியிலிருந்து விலகிய டோகுகாவா இயேயாசு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரில் தங்கி வாழ்ந்தார். அவருக்காக எழுப்பப்பட்ட குனோசான் தோஷோகு ஆலயம், செங்கென் ஆலயம் முதலியவற்றின் பணிகளுக்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தச்சர்களும் சிற்பிகளும் அரக்கு வேலைக்காரர்களும் இங்கே வந்து சேர்ந்தனர். அவர்கள் வழியில் வளர்ந்த மரவேலைத் தொழில், 20ஆம் நூற்றாண்டில் மரத்தாலான மாதிரி விமானங்களும் கப்பல்களும் செய்யும் பட்டறைகளாகக் கிளைத்தது. இன்று உலகெங்கும் அறியப்பட்ட தமியா நிறுவனமும் 1946இல் மர வணிகமாகத் தொடங்கி, பின்னர் மர மாதிரிகளுக்குத் திரும்பிய ஒன்றே.

உருக்கிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி உதிரிப்பாகங்களை வார்க்கும் முறை 1950களின் இறுதியில் ஜப்பானுக்குள் பரவியபோது, மரத்துக்கு மதிப்பு குறைந்தது. தமியா தன் முதல் பிளாஸ்டிக் மாதிரியாக 1960இல் வெளியிட்டது 1/800 அளவிலான யமாட்டோவை. அதே கப்பலைப் போட்டி நிறுவனம் ஒன்று குறைந்த விலையில் விற்றதால், தமியாவும் விலையைக் குறைத்து நட்டப்பட நேர்ந்தது. எஃகு அச்சு ஒன்றைச் செதுக்குவதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது. இரண்டு நிறுவனங்கள் ஒரே கப்பலுக்கு அச்சு செய்தால் இரண்டுக்கும் இழப்பு என்ற பாடத்தை இந்தத் தொழில் இவ்வாறு தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது.

அந்தப் பாடத்தின் பலன் 1971இல் தெரிந்தது. தமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி ஆகிய நான்கு ஷிஸுவோகா நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, பழைய ஜப்பானியப் பேரரசுக் கடற்படையின் கப்பல்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, ஒரே அளவாகிய 1/700இல், நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் கொண்ட மாதிரிகளை வெளியிடத் தொடங்கின. வாட்டர்லைன் வரிசை என்று பெயர்பெற்ற இத்தொகுப்பு, 1992இல் ஃபுஜிமி விலகிய பின்னரும் பிற மூன்று நிறுவனங்களால் தொடர்ந்து நடத்தப்படுகிறது. இவ்வரிசை தொடங்குவதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் பெட்டியின் நீளத்துக்கு ஏற்பக் கப்பலைச் சுருக்கியதால், ஒரு நிறுவனத்தின் நாசகாரிக் கப்பல் இன்னொரு நிறுவனத்தின் பெரும் போர்க்கப்பலைவிட நீளமாக இருந்த விநோதமும் நேர்ந்ததுண்டு. அளவு ஒன்றானதும் ஒப்பீடு சாத்தியமாயிற்று; 37.6 சென்டிமீட்டர் யமாட்டோவுக்கு அருகில் 17 சென்டிமீட்டர் நாசகாரிக் கப்பலை வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு, எந்த நூலும் தராத தெளிவோடு கடற்படை என்னும் அமைப்பின் உருவம் விளங்கும். இத்துறையின் வரலாற்றில் இதைவிடப் பயன்தந்த முடிவு வேறில்லை என்றே சொல்ல வேண்டும். 1959இல் தொடங்கிய ஷிஸுவோகா பொழுதுபோக்குப் பொருட்காட்சி இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கிறது. 1990 முதல் அதனுடன் சேர்ந்து, உள்நாட்டு, வெளிநாட்டு மாதிரிக் கலைஞர் குழுக்கள் தாங்கள் கட்டியவற்றை மேசைகளில் பரப்பி வைக்கும் கூட்டுக் கண்காட்சியும் நடைபெறுகிறது.

எரிந்த வரைபடங்களும் ஒரு மீட்டர் சாமந்தியும்

யமாட்டோவே இக்கலையின் மிகக் கடினமான பாடமும் ஆகும். 46 சென்டிமீட்டர் குழல்விட்டமுள்ள ஒன்பது பீரங்கிகளைத் தாங்கிய அக்கப்பல், குரே நகரின் கடற்படைக் கப்பல்தளத்தில் 1937 முதல் மிகுந்த மறைவில் கட்டப்பட்டது; வெளியார் கண்ணில் படாதிருக்கக் கப்பல்துறையின் ஒரு பகுதிக்குக் கூரையே வேயப்பட்டது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது வரைபடங்களும் ஆவணங்களும் பெருமளவில் எரிக்கப்பட்டன. எஞ்சியவை சில ஒளிப்படங்களும், அமெரிக்க விமானங்கள் மேலிருந்து எடுத்த படங்களும், கட்டியவர்கள், பணியாற்றியவர்கள் ஆகியோரின் நினைவுகளும், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தப்பிய வரைபடங்களும் மட்டுமே. உலகின் மிகப் பெரிய பீரங்கிப் போர்க்கப்பலைக் குறித்து, அதைவிடப் பழைய பிரிட்டிஷ் கப்பல்களைப் பற்றித் தெரிந்த அளவுக்குக்கூடத் தெரியாத நிலை இவ்வாறு ஏற்பட்டது.

1941 டிசம்பரில் பணியில் சேர்ந்த யமாட்டோவும், 1945 ஏப்ரல் 7 அன்று கிழக்குச் சீனக் கடலில் மூழ்கிய யமாட்டோவும் தோற்றத்தில் வெவ்வேறானவை. தொடக்கத்தில் கப்பலின் நடுப்பகுதியில் இரு பக்கமும் 15.5 சென்டிமீட்டர் பீரங்கிக் கோபுரங்கள் இருந்தன. 1944இல் அவை அகற்றப்பட்டு, அவ்விடங்களில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் அடர்த்தியாக நிறுத்தப்பட்டன. வானிலிருந்து வரும் ஆபத்து கடலிலிருந்து வருவதைவிடப் பெரிதாகிவிட்டது என்ற செய்தியை, போர் குறித்த எத்தனையோ பக்கங்களைவிட விரைவாக இந்த ஒரு மாற்றமே சொல்லிவிடும். ஆனால் பக்கக் கோபுரங்களோடு கட்டிய மாதிரிக்கு அடியில் 1945 என்று எழுதப்பட்டால், அந்தச் செய்தி அழிந்து பொய்யாகிவிடும்.

கப்பலின் முன்முனையில் பொருத்தப்பட்டிருந்த அரச சாமந்திச் சின்னத்தின் கதை இன்னும் நுட்பமானது. அதன் விட்டம் 1.5 மீட்டர் என்றே நெடுங்காலம் கருதப்பட்டு, மாதிரிகளும் அப்படியே செய்யப்பட்டன. கடலடியில் கிடக்கும் சிதைவை 1999இல் ஆழ்கடல் கருவிகள் ஆராய்ந்தபோது, அது 1 மீட்டர் அளவே உடையது என்று தெரிந்தது. 1/350 அளவு மாதிரியில் இந்த வேறுபாடு 4.3 மில்லிமீட்டருக்கும் 2.9 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது. அரிசிமணியின் பருமனுக்கும் குறைவான இந்தத் திருத்தத்துக்காகப் பழைய மாதிரியின் முன்முனையைச் செதுக்கி மீண்டும் செய்தவர்கள் உண்டு. இதை வீண் பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது. சான்று மாறும்போது முடிவையும் மாற்றிக்கொள்வது அறிஞர்களிடமும் அரிதாகவே காணப்படும் பண்பு என்பதை நினைத்தால், அந்தச் சிறு திருத்தத்துக்கு உரிய மதிப்பு புரியும். 2005இல் குரே நகரில் திறக்கப்பட்ட யமாட்டோ அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் 26.3 மீட்டர் நீளத்தில், 1/10 அளவில் நிற்கும் பெரிய மாதிரியும் இத்தகைய ஆய்வுகளின் பயனைப் பெற்றதே.

மேசைமேல் நடக்கும் வேலை

பெட்டியைத் திறந்தால், பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டியபடி நூற்றுக்கணக்கான உதிரிப்பாகங்கள் கிடைக்கும். அவற்றைச் சிறு வெட்டுக்குறடால் நறுக்கி, வெட்டிய வடுவை உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து ஒன்றோடொன்று பிணைக்கும் நீர்த்த பசையால் ஒட்டுவது அடிப்படை வேலை. அதற்குமேல் செல்ல விரும்புகிறவர்கள் அரிப்புத் தகடுகளை நாடுவர். ஒளிப்பட முறையால் உருவம் பதித்து, வேதிக்கரைசலால் தேவையற்ற பகுதிகளை அரித்தெடுத்துச் செய்யப்படும் மெல்லிய பித்தளைத் தகடுகள் இவை. பிளாஸ்டிக்கில் வார்க்க இயலாத ஏணிகள், பாரந்தூக்கிகள், ரேடார் வலைகள், தளத்தின் ஓரத்தில் ஓடும் கைப்பிடிக் கம்பிகள் ஆகியவற்றை இத்தகடுகள் தருகின்றன. 1 மீட்டர் உயரக் கைப்பிடிக் கம்பி 1/700 அளவில் 1.4 மில்லிமீட்டர் மட்டுமே இருக்கும். அதைச் சாமணத்தால் பிடித்து, கப்பலின் வளைவுக்கு ஏற்ப முன்கூட்டியே வளைத்து, ஊசிமுனையில் எடுத்த உடனடிப் பசையைத் தொட்டு நிறுத்த வேண்டும். பசை சிறிது மிகுந்தாலும் கம்பிகளுக்கு இடையே படலம் கட்டி, வேலி சுவராகிவிடும்.

கொடிமரங்களுக்கு இடையே ஓடும் வானொலிக் கம்பிகள் இன்னும் பெரிய சோதனை. 0.1 மில்லிமீட்டர் நூலைக் கட்டினால், 1/700 அளவில் அது 7 சென்டிமீட்டர் பருமனுள்ள வடமாகத் தெரியும். ஆகவே பெட்டியில் எஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்திச் சுடருக்கு மேல் காட்டி, இளகிய கணத்தில் இரு கைகளாலும் இழுத்து, தலைமுடியைவிட மெல்லிய இழையாக்கிப் பயன்படுத்தும் பழைய முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. மீள்தன்மையுள்ள மிக மெல்லிய செயற்கை நூல்களும் கடைகளில் கிடைக்கின்றன.

வண்ணத்தில்தான் வல்லுநரும் புதியவரும் தெளிவாகப் பிரிகிறார்கள். ஜப்பானியக் கப்பல்களின் சாம்பல் நிறம் ஒன்றன்று. குரே, சாசெபோ, யோகோசுகா, மைசுரு ஆகிய கடற்படைத் தளங்கள் தத்தமக்கென்று சற்றே வேறுபட்ட சாம்பல் வண்ணத்தைக் கலந்தன, வண்ண நிறுவனங்களும் அவற்றை அந்தந்த ஊர்ப் பெயரிலேயே தனித்தனிப் புட்டிகளில் விற்கின்றன. ஜப்பானியக் குரூசர்கள், நாசகாரிக் கப்பல்கள் ஆகியவற்றின் மேல்தளத்தில் செம்பழுப்பு நிற லினோலியம் விரிப்பு பரப்பப்பட்டு, அதன் இணைப்புகள் பித்தளைப் பட்டைகளால் அழுத்தப்பட்டிருந்தன. அந்தப் பட்டைகள் மாதிரியில் தளத்தின் குறுக்கே மேலெழுந்த மெல்லிய கோடுகளாக வார்க்கப்பட்டிருக்கும். தளத்தைப் பழுப்பாகப் பூசிய பின், அக்கோடுகளின் உச்சியில் மட்டும் பித்தளை நிறம் படுமாறு தூரிகையை ஏறத்தாழ உலர்த்தி ஓட்டுவதற்குக் கையில் நடுக்கம் இல்லாத ஒரு மாலைப்பொழுது வேண்டும். மேலும், தொலைவிலிருந்து பார்க்கப்படும் பொருளின் நிறம் வெளிறித் தோன்றும் என்பதால், சிறிய மாதிரிக்கு உண்மை வண்ணத்தை அப்படியே பூசாமல் சிறிது வெள்ளை கலந்து பூச வேண்டும் என்ற கருத்தும் இத்துறையில் வலுவாக உள்ளது. புதிதாகக் கட்டியவரின் கப்பல் கறுத்துக் கனத்துத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கடலைக் காட்டுவது

கட்டி முடித்த கப்பலை வெறும் பலகைமேல் வைப்பதா, செய்யப்பட்ட கடலில் வைப்பதா என்பது காட்சிப்படுத்துவதில் எழும் முதல் கேள்வி. தடித்த நீர்வண்ணத் தாளை நனைத்துச் சுருக்கியும், ஒளிபுகும் அக்ரிலிக் பசையைத் தூரிகையால் குத்தியெழுப்பியும், அலைமுகட்டில் பஞ்சிழையை ஒட்டியும் கடல் செய்கிறார்கள். கப்பலின் வேகத்துக்கும் அதன் பக்கவாட்டில் எழும் அலைகளுக்கும் தொடர்புண்டு. வேகம் கூடக் கூட அலைமுகடுகளுக்கு இடையிலான நீளமும் கூடும். நங்கூரம் பாய்ச்சி நிற்கும் கப்பலின் முன்னால் நுரை பொங்கினாலோ, முழு வேகத்தில் திரும்பும் கப்பல் சிறிதும் சாயாமல் நின்றாலோ, அத்தனை நுட்பமான வேலையும் வீணாகிவிடும்.

இன்னொரு உண்மையும் உண்டு. யமாட்டோவின் கடைசிப் பயணத்தில் யஹாகி என்னும் குரூசரும் எட்டு நாசகாரிக் கப்பல்களும் உடன் சென்றன. அந்தப் பத்துக் கப்பல்களையும் 1/700 அளவில் கட்டி ஒரே கடலில் நிறுத்தும் காட்சியை மாதிரிக் கலைஞர்கள் பெரிதும் விரும்புவர். ஆனால் 1 கிலோமீட்டர் இவ்வளவில் 1.43 மீட்டர் ஆகும். கப்பல்களுக்கு இடையே இருந்த உண்மையான தொலைவைக் காட்ட வேண்டுமானால் ஒரு கூடமே தேவைப்படும். ஆகவே கப்பல்கள் சுருங்கிய அளவைவிடக் கடல் பன்மடங்கு சுருக்கப்படுகிறது. இதில் குற்றமில்லை, பார்வையாளருக்கு அது ஒரு வரியில் சொல்லப்பட வேண்டும், அவ்வளவே. அதே பலகையில் இன்னொரு வரிக்கும் இடம் இருக்க வேண்டும்: அந்த நாளில் யமாட்டோவோடு மட்டும் ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர், உடன்சென்ற எட்டு நாசகாரிக் கப்பல்களில் யுகிகாஸே உட்பட நான்கே மீண்டன. யுகிகாஸே பின்னர் 1947இல் சீனக் குடியரசிடம் ஒப்படைக்கப்பட்டு, தான்யாங் என்ற பெயரில் தைவானில் பணியாற்றியது. பீரங்கிக் குழலின் விட்டத்தைச் சொல்லி, இறந்தவர் எண்ணிக்கையைச் சொல்லாத காட்சிப்பலகை அரைகுறையானது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், மாதிரிக்குப் பகை தூசியும் வெயிலும். அக்ரிலிக் மூடியும் நிழலான இடமும் அவற்றுக்கு மருந்து. மூடியோடு சேரும் மரப்பகுதிகளிலும் கவனம் தேவை. ஓக் போன்ற சில மரங்களும், ஒட்டுப்பலகையும் மெதுவாக அசிட்டிக் அமில ஆவியை வெளியிடுபவை. காற்றோட்டமற்ற பெட்டிக்குள் அந்த ஆவி ஈயம் கலந்த உதிரிப்பாகங்களைத் தாக்கி, வெண்பொடியாக உதிரச் செய்துவிடும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய மாதிரிகள் பலவற்றின் நங்கூரங்களும் பீரங்கிகளும் இவ்வாறு அழிந்திருக்கின்றன.

சென்னைக்கு வந்த சாம்பல் நிறக் கப்பல்

தமிழ் வாசகருக்கு நன்கு தெரிந்த போர்க்கப்பல் ஒன்று உண்டென்றால் அது எம்டன். 118 மீட்டர் நீளமும் பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளும் கொண்ட இந்த ஜெர்மானிய இலகு குரூசர், கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்து, அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ வைத்துவிட்டு மறைந்தது. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ள நினைவுக்கல் அந்த இரவை இன்றும் சொல்கிறது. ஜெர்மானிய நிறுவனமான ரெவெல் இக்கப்பலை 1/350 அளவில் வெளியிட்டுள்ளது; கட்டி முடித்தால் 34 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம்.

அந்தப் பெட்டியை வாங்குகிறவர் முன் நிற்பதும் அதே கேள்விதான். போருக்கு முன் சீனக் கடற்கரையில் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்தபோது எம்டன் வெண்ணிற உடலும் மஞ்சள் கலந்த பழுப்புநிறப் புகைபோக்கிகளும் உடையதாக, கிழக்கின் அன்னம் என்று புகழப்படும் அழகோடு விளங்கியது. போர் தொடங்கியதும் அது சாம்பல் நிறம் பூண்டது. மூன்று புகைபோக்கிகள் கொண்ட அக்கப்பல், பிரிட்டிஷ் குரூசர் என்று தோன்றும்பொருட்டுக் கித்தான் துணியால் செய்த நான்காவது பொய்ப் புகைபோக்கியை ஏற்றிக்கொண்டு, 1914 அக்டோபர் 28 காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, ரஷ்யக் குரூசர் ஷெம்சுக்கை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் நொறுக்கப்பட்டுக் கரைதட்டியது. ஆக ஒரே ஆண்டில் வெள்ளை எம்டன், சாம்பல் எம்டன், நான்கு புகைபோக்கி எம்டன், சிதைந்த எம்டன் என்று நான்கு கப்பல்கள். வெண்ணிறம் பூசிய எம்டனுக்கு அடியில் சென்னைத் தாக்குதல் என்று எழுதிவைப்பது, எவ்வளவு அழகாகக் கட்டப்பட்டிருந்தாலும், பிழையே.

இக்கலையைத் தொடங்க விரும்புவோர் யமாட்டோவிலும் 1/350 அளவிலும் கைவைக்காமல், 1/700 அளவில் ஒரு நாசகாரிக் கப்பலை எடுத்துக்கொள்வது நலம். உதிரிப்பாகங்களும் செலவும் குறைவு, சில வாரங்களில் முடித்துவிடவும் இயலும். பசையைத் திறப்பதற்கு முன் அந்தக் கப்பலின் ஒளிப்படங்களைத் தேடி, அவை எடுக்கப்பட்ட நாட்களைப் பார்த்து, தாம் கட்டப்போகும் கப்பலின் ஆண்டையும் மாதத்தையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தபின் கப்பலின் பெயர், அளவு, நாள், இடம், அதில் இறந்தோர் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் காட்சிப்பலகையில் பொறிக்க வேண்டும்.